அக்கா நெற்றியில் என் முடி

முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என் பிழைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்து, "ஃப்ரேம் பாக்கணும்" என்று வாயைத் திறப்பதற்குள் அவருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று எனக்குத் தெரிந்துவிடும். உருண்டை முகத்தோடு வந்து உருண்டை ஃப்ரேம் கேட்பவர்களிடம், "வேண்டாங்க, சுவர்க் கடிகாரம் மாதிரி ஆயிடுவீங்க" என்று நேராகவே சொல்லிவிடுவேன். முதலாளி ஆரம்பத்தில் முறைத்தார். என் பேச்சைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்த பிறகு முறைப்பு நின்றது. இப்போது யாராவது இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே தவித்தால் அவரே, "அந்தம்மாவக் கேளுங்க" என்று என் பக்கம் கை காட்டுகிறார்.

ஊரார் முகத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிற எனக்கு என் முகத்தைப் பற்றி மட்டும் ஒரு கருத்தும் கிடையாது. அது முழுக்க என்னுடையதாக இருந்ததே இல்லை. நாங்கள் இரட்டைப் பிள்ளைகள், ஒரே அச்சு. கன்னத்தில் பரு வந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது, சிரித்தால் ஈறு தெரிவது, எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சில நிமிடம் முந்திப் பிறந்த ஒரே தகுதியில் அவள் அக்கா. அதுவும் உறுதியில்லை. கைக்குழந்தைகளாக இருந்தபோது அடையாளத்துக்காக மூத்தவளின் கால் கட்டைவிரலில் அம்மா நகப்பூச்சு பூசிவைத்திருந்தாளாம். ஒருநாள் எங்களைப் பார்த்துக்கொள்ள வந்த சித்தி, ஒன்றுக்குப் பூசினால் இன்னொன்று ஏங்காதா என்று மற்றவளுக்கும் பூசிவிட்டாள். "அப்புறம் எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டால், "அழுத அழுகைய வச்சு ஒரு குத்துமதிப்பாத்தான்" என்பாள் அம்மா. ஆக, நான் நான்தானா என்பதற்கே எங்கள் வீட்டில் உத்தரவாதம் கிடையாது.

இருவருக்கும் ஏறுநெற்றி. பள்ளிக்கூடத்தில் எங்கள் பட்டப்பெயர் மைதானம். அவள் பெரிய மைதானம், நான் சின்ன மைதானம். பிறகு அவள் கணக்கு டீச்சர் ஆனாள், கல்யாணம் ஆகி அடுத்த தெருவுக்குப் போனாள். நான் கண்ணாடிக் கடைக்குப் போனேன், அம்மாவோடு இருந்துவிட்டேன். குரல், நடை, தலைமுடி எதுவும் மாறவில்லை. முடியைப் பின்னால் இழுத்து வாரி ஒரு கிளிப் போட்டால் எங்கள் இருவருக்கும் அலங்காரம் முடிந்தது.

இதெல்லாம் எனக்கு ஒரு குறையாகப் பட்டதில்லை. லிஃப்ட்காரர் வந்து கெடுத்தார்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். கண்ணில் பயங்கர பவர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்வதால் கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும். முதல் தடவை கடைக்கு வந்து குறையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் அதை அவர் முகத்திலிருந்து கழற்றி, காதில் மாட்டும் கம்பியைச் சூடு காட்டி வளைத்து, திரும்ப மாட்டிவிட்டேன். "தலைய ஆட்டுங்க" என்றேன். ஆட்டினார். நான் என்ன சொன்னாலும் ஆட்டுவார் போலிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடி அடிக்கடி லூஸ் ஆனது. திருகைப் பார்த்தால் யாரோ வேண்டுமென்றே தளர்த்திவிட்ட மாதிரி இருக்கும். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கும் எனக்கும் நாற்பதை ஒட்டிய வயது. ஏன் இத்தனை நாள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டதற்கு, "நானும் லிஃப்ட் மாதிரிதாங்க. யாராவது பட்டனை அமுக்கினாத்தான் வருவேன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போனது.

வெகுகாலம் "நீங்க" என்றே பேசிக்கொண்டிருந்தவர், போன மாதம்தான் "நீ"க்கு வந்தார். சுலபமாக வரவில்லை. "நீங்க... நீ... சாப்பிட்டீங்... சாப்பிட்டியா?" என்று படியில் தடுக்கி விழுகிறவர் மாதிரி வந்து சேர்ந்தார். நேராகவே சொல்கிறேன், அந்த ஒற்றை எழுத்தைக் கேட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அடுத்து ஒருநாள், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். சரி என்று சொல்வதாகத்தான் இருந்தேன். கேட்டவுடனே தலையை ஆட்டினால் மதிப்பு இருக்காதே என்று தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான்.

அந்த வாரத்திலேயே அக்கா ஒருநாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"உன் ஆளப் பஸ் ஸ்டாப்ல பாத்தேன்டி. நான் போன்ல பேசிட்டிருந்தேன், குரல் வந்த பக்கம் திரும்பி நேரா என்கிட்ட வந்து, 'நீ எங்க இந்தப் பக்கம்?'னு கேக்கறார். யாருடா இது நம்மள 'நீ'ங்கறதுன்னு தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது."

நான் இரட்டை என்று அவருக்குத் தெரியும். அக்காவைப் பார்த்தது மட்டும் இல்லை.

"நான் அவ இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள மனுஷன் மூச்சு விடாமச் சொல்லிட்டார்."

"என்ன சொன்னார்?"

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். "'ஞாயித்துக்கிழமை நீ வேண்டாம்னு சொன்னாலும் பரவாயில்ல, கண்ணாடி சரி பண்ண நான் உன்கிட்டதான் வருவேன்'னார். அதுக்குள்ள என் பஸ் வந்துருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. எனக்கென்று ஒரு மனிதர் யோசித்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்ன வாக்கியம். அதை வாங்கிக்கொண்டு அவள் பஸ் ஏறிவிட்டாள். இத்தனை வருஷத்தில் எனக்கு வரவேண்டிய திட்டும் பாராட்டும் எத்தனையோ அவளுக்குப் போயிருக்கின்றன, ஒன்றுக்கும் நான் வருந்தியதில்லை. இதற்கு வருந்தினேன். அழுதுகூட விட்டேன்.

நியாயம் பேசினால் தப்பு என் பேரில்தான். அன்றைக்கு அவருடைய கண்ணாடி, புது லென்ஸ் மாற்றுவதற்காக, என் மேசை இழுப்பறையில் கிடந்தது. மறுநாள் வாங்கிப்போக வந்தார். "நேத்து நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்று கேட்டார். கம்பியை வளைத்துக்கொண்டே, "இருக்கு" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் என்ன, மனசுக்குத் தெரிய வேண்டாமா என்று உள்ளே கொதித்தது. கண்ணாடி விற்கிறவளே இப்படிப் பேசலாமா என்றும் தோன்றியது. இரண்டும் சேர்ந்தே கொதித்தன.

கொதித்து அடங்கியதும் தொழில் புத்தி வந்தது. கடைக்குப் போர்டு இல்லையென்றால் வாடிக்கைக்காரர் பக்கத்துக் கடைக்குள் நுழையத்தான் செய்வார். போர்டு மாட்டாதது கடைக்காரியின் குற்றம். என் முகத்தில் போர்டு மாட்ட வசதியான இடம் ஒன்றுதான் இருந்தது. அந்த மைதானம்.

"அம்மா, நான் பேங்ஸ் வச்சுக்கப் போறேன்" என்றேன். கடைக்கு வரும் கல்லூரிப் பெண்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

"பேங்க் வைக்கப் போறியா? அப்ப கண்ணாடிக் கடைய விட்டுருவியா?" என்றாள் அம்மா.

"பேங்க் இல்லம்மா, முடி. முன்னாடி கொஞ்சம் வெட்டி நெத்தியில விழற மாதிரி விட்டுக்கறது."

"நெத்தியில விழறத ஒதுக்கி ஒதுக்கித்தானேடி உங்க ரெண்டு பேரையும் வளத்தேன்" என்றாள். தடுக்கவில்லை. கூந்தல் இருக்கிற சீமாட்டி அள்ளியும் முடிவாள், அவிழ்த்தும் போடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துணி மடிக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பார்லருக்குப் போனேன். ஒரே அறை, இரண்டு நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. பார்லர் மேடம் எங்கள் இருவருக்கும் பல வருஷமாக நுனி வெட்டிவிடுகிறவர். யார் எந்த மைதானம் என்று அவர் கேட்டதே இல்லை, இரண்டுக்கும் வேலை ஒன்றுதானே.

"எந்த மாதிரி வேணும்? நேராவா, சாய்ச்சா, சும்மா நாலு முடி தொங்கற மாதிரியா?"

"நேரா. புருவம் வரைக்கும். கோடு போட்ட மாதிரி."

மேடம் என் முடியை முன்னால் தள்ளி, சீப்பால் நெற்றியோரத்தைக் கிளறிப் பார்த்தார். "கோடெல்லாம் நிக்காது. உனக்கு நெத்திச் சுழி இருக்கு. நேரா வெட்டினா நாடகத்துத் திரை மாதிரி நடுவுல விலகிக்கும். சுழி எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கம் சாய்ச்சு விடணும். சுழிய மீறி யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"தலைவிதியச் சொல்றீங்களா?"

"முடியச் சொல்றேன்."

"சரி, சாய்ச்சே வெட்டுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டேன். கத்தரிச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் மேடம் என் கழுத்திலிருந்து துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"முன்முடி மட்டும் கேட்ட அன்னிக்கு வெட்ட மாட்டேன். வீட்ல சண்டை போட்டுட்டு வந்து வெட்டச் சொல்லுவாங்க, மறுநாள் வந்து என்னைத் திட்டுவாங்க. போய்த் தூங்கி எழுந்திரு. நாளைக்கும் வேணும்னு தோணினா வந்து உக்காரு, வெட்டிடறேன். வந்து பேச்செல்லாம் பேசக் கூடாது. பேசினா உன் மனசும் மாறும், என் கையும் மாறும்."

எனக்குக் கோபம்தான். ஆனால் மனசுக்குள் சண்டை போட்டுவிட்டு வந்தவள் என்று கண்டுபிடித்துவிட்டாரே என்று பேசாமல் திரும்பினேன்.

தூங்கி எழுந்தேன். வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் சனிக்கிழமை காலையில் கடையை விட்டு நகர முடியவில்லை. முதலாளி வரவில்லை. குடும்பமாக வந்த ஒரு கூட்டம் கடையில் இருந்த அத்தனை ஃப்ரேமையும் ஆளுக்கு ஆள் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் போகலாம் என்று இருந்தேன்.

மதியம் கதவைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே வந்தேன்.

நெற்றியில் முடி சாய்ந்து விழுந்து, ஒரு புருவத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. மைதானம் காணாமல் போயிருந்தது. கண்கள் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. தொழில்காரி முந்திக்கொண்டாள். பிரமாதமாகப் பொருந்தியிருக்கிறது என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பது எனக்கு உறைத்தது.

"திட்டாதடி" என்றாள் அக்கா, வாசலிலேயே நின்றுகொண்டு.

"என்னக்கா இது?"

"நுனி வெட்டத்தான் போனேன். உனக்குத்தான் தெரியுமே, தலையில கை வச்சா நான் தூங்கிருவேன். பரீட்சைப் பேப்பர் திருத்தித் திருத்தி கண்ணு ஏற்கெனவே சொக்கிட்டிருந்துச்சு. மேடம், 'முடிவு பண்ணிட்டியா?'ன்னாங்க. நுனி வெட்ட என்ன முடிவு வேண்டிக்கிடக்குன்னு ஆமான்னேன். முழிச்சுப் பாத்தா இப்படி இருக்கேன்."

"அது என் முடி!"

"உன் முடி உன் தலையிலதான்டி இருக்கு."

"எனக்காக வெட்டினது. எனக்குன்னு யோசிச்சு வச்சது. அதுவும் உனக்கே வந்துருச்சா?" என்று கத்திவிட்டேன். புதுக் கண்ணாடியை வாங்கிப்போக வந்திருந்த ஒரு பெரியவர், மாட்டியிருந்த கண்ணாடியோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த பவர் எனக்கு ஒத்துக்கலைம்மா, ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அக்காவுக்கு விஷயம் முழுதும் தெரியாது. சொன்னேன். பஸ் ஸ்டாப், போர்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு நெற்றி முடியை விரலால் ஒதுக்கிக்கொண்டாள்.

"வெட்டிட்டு முதல்ல வீட்டுக்குத்தான் போனேன். உங்க மாமா கதவைத் திறந்து, 'வாம்மா, அக்கா வெளிய போயிருக்கா, உக்காரு'ன்னார். இந்த மாதிரியெல்லாம் பண்ணிக்கறது நீதான்னு அவரே முடிவு பண்ணிட்டார்" என்றாள். "நான் ஒட்டவா முடியும்? தலைக்கு வந்தது முன்முடியோட போச்சுன்னு நெனச்சுக்க. வளர்றவரைக்கும் மறைச்சு வச்சுக்கறேன். நீ போய் வெட்டிக்க."

சொன்னபடியே பையிலிருந்து கிளிப்பை எடுத்து, கடைக் கண்ணாடி முன்னால் நின்று முன்முடியை ஒதுக்கிப் பின்னால் குத்தினாள். மைதானம் திரும்பி வந்தது. அவள் முகம் விழுந்தது. என் முகம் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோபத்தில் எதையும் பேசுவேன். ஆனால் பொருந்தியதைப் பொருந்தவில்லை என்று சொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை. "கிளிப்ப எடு. உனக்கு நல்லாருக்கு" என்றேன்.

"நிஜமாவா?"

"நான் பொய் சொல்லி யாருக்காவது ஃப்ரேம் வித்திருக்கேனா?"

எடுத்தாள். முடி தானாக வந்து புருவத்தில் உட்கார்ந்தது. சிரித்தாள், ஈறு தெரிய. பிறகு கணக்கு டீச்சருக்கே உரிய தெளிவோடு, "இப்ப ஒண்ணு யோசி. உனக்கு வேண்டியது வித்தியாசம்தானே? அதுதான் வந்துருச்சே. நீ எதுவும் வெட்டிக்காம இப்படியே இரு. நாளைக்கு உன் ஆளு குழம்பவே வழி இல்ல" என்றாள்.

கணக்கு சரியாகத்தான் வந்தது. ஒரு கடைக்குப் போர்டு மாட்டியாயிற்று, இன்னொன்று போர்டு இல்லாத கடை என்றே தெரிந்துகொள்ளலாம். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே வந்தேனே, அவளை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அவருக்காக இல்லை, அடையாளத்துக்காக இல்லை. அந்த முகம் எனக்கு வேண்டும்.

"நானும் வெட்டிக்கப் போறேன்" என்றேன்.

"அப்ப போர்டு?"

"போர்டு பாத்து வர ஆளு எனக்கு வேண்டாம். நாளைக்கு ரெண்டு பேரும் சேந்தே போறோம். நீயும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன். யாரை 'நீ'ங்கறார்னு பாப்போம். உன்னச் சொன்னார்னா என் பதில் வேண்டாங்கறதுதான்."

"விளையாடாதடி. நல்ல மனுஷன்."

"மயிரைக் கட்டி மலைய இழுக்கறேன். வந்தா மலை, போனா மயிர்."

இந்தப் பழமொழியை இவ்வளவு பொருத்தமாகச் சொல்ல இனி ஒரு சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்காது.

கடையை அடைத்துவிட்டு இருவரும் பார்லருக்குப் போனோம். மேடம் எங்களைச் சேர்ந்தாற்போல் பார்த்ததும் கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டார்.

"ஐயையோ. அப்ப காலைல வந்தது நீ இல்லையா?"

"நான் இல்ல."

"வெட்டும்போதே எனக்கு உறுத்துச்சு. நேத்து இந்தப் பக்கம் சுத்தின சுழி இன்னிக்கு அந்தப் பக்கம் சுத்துதேன்னு பாத்தேன். நாள் முழுக்கக் கண்ணாடியப் பாத்தே வெட்டறவளுக்கு இடம் வலம் மாறிப்போறது சகஜம்தானேன்னு விட்டுட்டேன்."

"சுழி மாறுமா?" என்றாள் அக்கா.

"உங்க ரெண்டு பேருக்கும் மாறித்தான் இருக்கு. அவளுக்கு இடம், உனக்கு வலம். இத்தனை வருஷமா பின்னாடி நின்னு நுனிய மட்டுமே வெட்டினேனா, நெத்தியக் கவனிக்கவே இல்ல."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். விதிப்படி பேசவில்லை. மேடம் முடியை நனைக்காமல், உலர்ந்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார். நான் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. மூக்கின் மேல் பொடிப் பொடியாக முடி விழுந்தது. தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

முடிந்ததும் அக்கா என் பக்கத்தில் வந்து குனிந்து, கன்னத்தோடு கன்னம் வைத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் முடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, என்னுடையது மறு பக்கம். இத்தனை வருஷமாக இழுத்து வாரிக் கிளிப் போட்டு நாங்களே அமுக்கிவைத்திருந்த வித்தியாசம் அது. அம்மா நகப்பூச்சுக்குச் செலவு செய்திருக்கவே வேண்டாம்.

"இத அவருக்குச் சொல்லிரலாமா?" என்றாள் அக்கா.

"மூச்சு விடாத" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. பூங்காவுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தோம். முந்தின நாள் வீரமெல்லாம் வீட்டிலேயே தங்கிவிட்டது. அக்கா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் என் கை மாதிரியே சில்லென்றிருந்தது. எனக்கு அவரை வேண்டாம் என்று சொல்ல மனமே இல்லை. ஆனால் சொன்ன சொல்லை மீறுகிற வழக்கமும் என்னிடம் இல்லை. இப்படி ஒரு பந்தயம் கட்டச் சொன்னது யார் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. வாசலில் நின்று தேடினார், எங்களைக் கண்டார், கால் ஒரு கணம் தயங்கியது. மேசையருகே வந்து நின்றார். நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். ஒருவரும் பேசவில்லை. அவர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் அக்காவைப் பார்த்தார்.

"வணக்கங்க. நீங்க எழுந்திருக்க வேண்டாம், உக்காருங்க" என்றார் அக்காவிடம். என் பக்கம் திரும்பி, "நீ டீ சொல்லிட்டியா?" என்றார்.

நெத்தியடி. முன்முடியைத் தாண்டி வந்து விழுந்தது அந்த "நீ". அக்கா என் கையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? நீ யாரப் பாத்தாலும் முதல்ல கண்ணாடியத்தான் பாப்ப. கோணலா இருக்கா, வழுக்குதான்னு பாத்துட்டு, அப்புறம்தான் ஆளப் பாப்ப. இவங்க என் முகத்தப் பாத்தாங்க. நீ என் மூக்கப் பாத்த."

உண்மைதான். வலது பக்கம் சற்று இறங்கியிருக்கிறது என்று அவர் வாசலில் நின்றபோதே பார்த்துவிட்டிருந்தேன்.

"அப்ப பஸ் ஸ்டாப்ல?" என்று அக்கா கேட்டுவிட்டாள்.

"பஸ் ஸ்டாப்ல என்ன?" என்றவர், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். காது மடல் சிவந்துபோனது. "அது... நீங்களா?"

"நான்தான். மன்னிச்சிருங்க, சொல்லலாம்னா பஸ் வந்துருச்சு."

"அன்னிக்கு என் மூஞ்சியில கண்ணாடியே இல்லையே. இல்லாத கண்ணாடிய யாரு எப்படிப் பாப்பாங்க? எனக்கு எப்படித் தெரியும்?" என்று பாவமாகச் சொன்னார். இத்தனை நாள் நான் கொதித்த கொதிப்புக்கு இவ்வளவு சின்னப் பதில் இருந்திருக்கிறது. பிறகு என்னைப் பார்த்து, "அப்ப நீ அதக் கேக்கவே இல்லையா? திரும்பச் சொல்லணுமா?" என்றார்.

"சொல்லுங்க."

அக்கா எழுந்து, கண்ணாடி அலமாரியில் இருந்த பன்களைப் பார்க்கப் போனாள். ஒரு பன்னை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ வேண்டாம்னு சொன்னாலும் பரவாயில்ல. கண்ணாடி சரி பண்ண நான் உன்கிட்டதான் வருவேன்."

"அதுக்குன்னு கடைக்கு அலைய வேண்டாம். இனி வீட்டிலயே பண்ணிக்கலாம்" என்றேன்.

புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போனார். நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டேன்.

"இன்னொண்ணு கேக்கணும். என்கிட்ட ஏதாவது மாத்தம் தெரியுதா?"

கூர்ந்து பார்த்தார். "கம்மல் புதுசா?"

"இல்ல."

"சுடிதார்?"

"இல்ல."

"ரெண்டு பேருமே ஏதோ பண்ணியிருக்கீங்கன்னு வாசல்லயே தோணுச்சு. என்னன்னுதான் தெரியல."

இரண்டு நாள் ரகளை, ஒரு குடும்பச் சண்டை, ஒரு பழமொழி, இத்தனையும் போட்டு வாங்கிய முன்முடி. மனிதர் கண்ணில் படவே இல்லை. கோபப்பட வேண்டியவள், சிரித்துவிட்டேன். கை தன்பாட்டில் நீண்டு அவர் கண்ணாடியைக் கழற்றியது. வலது கம்பியை லேசாக நிமிர்த்தி, துப்பட்டா நுனியால் லென்ஸைத் துடைத்தேன்.

"முடி வெட்டியிருக்கேன். முன்னாடி. இப்பப் பாத்துச் சொல்லுங்க, எப்படி இருக்கு?"

"கண்ணாடியப் பிடுங்கி வச்சுக்கிட்டுக் கேட்டா எப்படி? இப்ப நீ ஆளா அலமாரியான்னுகூடத் தெரியல."

"பரவாயில்ல, நானே சொல்றேன். நல்லாருக்கு" என்று கண்ணாடியை அவர் காதில் மாட்டிவிட்டேன்.